கையின் பின்பக்கத் தசை: ட்ரைசெப்ஸ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

"எங்கே, ஆர்ம்ஸ் காட்டு" என்றால் சின்னப் பையன்கூட முழங்கையை மடக்கி முன்பக்க உருண்டையைத்தான் காட்டுவான். பின்பக்கம் யாருக்கும் ஞாபகம் வராது. அது ஞாபகம் வரும் நேரம் வேறு: கையைத் தூக்கி பஸ் கம்பியைப் பிடிக்கும்போதோ, பழைய ரவிக்கை கை இறுக்கும்போதோ, "என்ன இப்படித் தொங்குது" என்று. அப்புறம் ஜிம்மில் சேர்ந்தால் மாஸ்டர் ஒன்று சொல்வார், பக்கத்தில் தூக்குகிறவர் ஒன்று சொல்வார், யூடியூபில் ஒருவர் இரண்டையும் மறுப்பார். இது லாங் ஹெட்டுக்கு, இது மீடியல் ஹெட்டுக்கு, இது அந்தத் தொங்கும் சதையைக் கரைக்க, இதைச் செய்தால் முழங்கை போய்விடும். கேட்டுக்கொண்டே இருந்தால் கையின் பின்பக்கம் ஏதோ மந்திர யந்திரம் மாதிரித் தெரியும்.

உண்மையில் விஷயம் எளிது. ஒரு தசை எந்த எலும்பில் தொடங்குகிறது, எந்த எலும்பில் முடிகிறது, நடுவில் எந்த மூட்டைத் தாண்டுகிறது, இந்த மூன்றும் தெரிந்தால் அது என்ன செய்யும், எப்போது சும்மா இருக்கும், எந்தப் பயிற்சியில் நன்றாக வேலை செய்யும் என்பதை நீங்களே யோசித்துச் சொல்லிவிடலாம். படிக்கும்போது ஒரு கையைச் சும்மா வைத்திருங்கள். அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் எலும்புகள்

தோளிலிருந்து முழங்கை வரை உள்ள பகுதியை மேற்கை என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரே ஒரு எலும்பு, மேற்கை எலும்பு. அதன் மேல்முனை உருண்டையாக இருக்கும். முதுகுப் பக்கம் தட்டையாகப் படுத்திருக்கிற தோள்பட்டை எலும்பின் ஆழமில்லாத குழியில் அது உட்கார்ந்திருக்கிறது. முழங்கைக்குக் கீழே, அதாவது முன்னங்கையில், இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா.

நமக்கு முக்கியம் அல்னாதான். முழங்கையை மடக்கி மேசையில் ஊன்றுங்கள். மேசையில் குத்துகிற அந்த எலும்பு முனை மேற்கை எலும்பின் முனை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அல்னாவின் மேல்முனை. சந்தேகமாக இருந்தால் அந்த முனையில் விரலை வைத்து, எலும்பு விளிம்பை விடாமல் சுண்டுவிரல் பக்கமாகத் தடவிக்கொண்டே போங்கள், மணிக்கட்டு வரை ஒரே எலும்பாகப் போய்ச் சேரும். இந்த முனைக்கு மருத்துவத்தில் ஒலிக்ரேனான் என்று பெயர். இந்தக் கட்டுரையில் முழங்கை முனை என்றே சொல்லிக்கொள்ளலாம், வாய்க்கு இதம்.

இந்த முனை மூட்டைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. ட்ரைசெப்ஸின் மொத்த ரகசியமும் அந்தக் கொஞ்சூண்டு நீட்டலில் இருக்கிறது.

தசைக்குத் தள்ளத் தெரியாது

தசை சுருங்கும், சுருங்கினால் இழுக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். உடம்பில் எந்தத் தசையும் எதையும் தள்ளுவதில்லை. அப்படியானால் கதவைத் தள்ளுகிறோமே, நின்றுபோன வண்டியைத் தள்ளுகிறோமே, அது எப்படி?

தெருமுனை அடிபம்பை நினைத்துப் பாருங்கள். நீளமான கைப்பிடி வெளியே இருக்கிறது, அதைத் தாங்கும் அச்சு பம்பின் தலையில் இருக்கிறது, அச்சுக்கு அந்தப் பக்கம் உள்ளே குட்டையாக ஒரு முனை, அதில்தான் தண்டு மாட்டியிருக்கிறது. கைப்பிடி கீழே போனால் உள்முனை மேலே போகும், உள்முனை கீழே வந்தால் கைப்பிடி மேலே எழும். இப்போது முழங்கை மூட்டை அச்சு என்று வையுங்கள். முன்னங்கையும் உள்ளங்கையும் சேர்ந்து நீளமான கைப்பிடி. பின்னால் நீட்டியிருக்கும் முழங்கை முனை அந்தக் குட்டை முனை. ட்ரைசெப்ஸ் மேலே உட்கார்ந்துகொண்டு அந்தக் குட்டை முனையைத் தோள் பக்கம் இழுக்கிறது. உடனே மறுகோடியில் இருக்கும் உள்ளங்கை எதிர்ப்பக்கம் நகர்கிறது, மடங்கிய கை நிமிர்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நீங்கள் தள்ளுகிறீர்கள். உள்ளே நடப்பது இழுவை மட்டும்தான்.

ஒரே வித்தியாசம், அடிபம்பில் நாம் நீள முனையை அழுத்துகிறோம், அதனால் குறைந்த பலத்தில் நிறையத் தண்ணீர் ஏறுகிறது. கையில் இது தலைகீழ். தசை குட்டை முனையை இழுப்பதால் அது ஏகப்பட்ட பலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அச்சிலிருந்து தசை இழுக்கும் கோடு வரையிலான தூரம் ஒரு பெரியவருக்குத் தோராயமாக 2 முதல் 2.5 செ.மீ. அச்சிலிருந்து உள்ளங்கையில் பிடித்திருக்கும் டம்பெல் வரை 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்னங்கை தரைக்கு இணையாக இருக்கும் நிலையில் 5 கிலோ டம்பெல்லைத் தாங்க, 5-ஐ 30-ஆல் பெருக்கி 2.5-ஆல் வகுத்தால், 60 கிலோவைத் தூக்குவதற்குச் சமமான இழுவை வேண்டும். முன்னங்கையின் சொந்த எடையை இன்னும் சேர்க்கவே இல்லை. ஜிம்மில் இந்தத் தசைக்கு என்று தனியாகச் செய்யும் பயிற்சிகளில் சின்ன டம்பெல்லே கை நடுங்க வைப்பது இதனால்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்படி நஷ்டத்துக்கு வேலை செய்வதில் என்ன லாபம்? வேகம். அதே விகிதத்தில், தசை 1 செ.மீ. சுருங்கினால் உள்ளங்கை சுமார் 12 செ.மீ. நகர்ந்துவிடும். குத்துச்சண்டைக்காரரின் கை கண் இமைப்பதற்குள் போய் வருவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கிக்கொள்வோம். முழங்கை முனை அல்னாவின் பகுதி, அது மூட்டுக்குப் பின்னால் நீட்டியிருக்கிறது. ட்ரைசெப்ஸ் அதை மேல்நோக்கி இழுக்கிறது, கை நிமிர்கிறது.

ஒரு தசை, மூன்று தொடக்கங்கள்

தசை எலும்பில் தொடங்குகிற பகுதியைத் தலை என்பார்கள். தசையின் முனையில் வெள்ளையாக, கயிறு போல உறுதியாக எலும்போடு ஒட்டும் பாகம் தசைநாண். ட்ரைசெப்ஸுக்கு மூன்று தலைகள், ஒரு தசைநாண். மூன்றும் மூன்று இடத்தில் கிளம்பி, கீழே வந்து ஒரே தட்டையான தசைநாணாகச் சேர்ந்து, முழங்கை முனையில் ஒட்டுகின்றன. தமிழ்ப் பாடநூல்களில் முத்தலைத் தசை என்று படித்திருப்பீர்கள், அது இதுதான்.

முதலாவது நீள் தலை, ஜிம்மில் லாங் ஹெட். இது மேற்கை எலும்பில் தொடங்கவில்லை. தோள்பட்டை எலும்பில், அந்தத் தோள் குழிக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஒரு சின்ன மேட்டில் தொடங்குகிறது. இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இரண்டாவது வெளித் தலை, அதாவது லேட்டரல் ஹெட். மேற்கை எலும்பின் பின்பக்கம், மேல்பாதியில் கிளம்புகிறது. மூன்றாவது உள் தலை, மீடியல் ஹெட். இதுவும் மேற்கை எலும்பின் பின்பக்கம்தான், ஆனால் கீழே, அகலமாகப் பரவித் தொடங்குகிறது. வெளித் தலைக்கும் உள் தலைக்கும் நடுவில் எலும்பின் மேல் சாய்வாக ஒரு பள்ளம் ஓடுகிறது. அந்தப் பள்ளத்தில் ஒரு முக்கியமான நரம்பு போகிறது, அதற்கு அப்புறம் வருவோம்.

இப்போது தொட்டுப் பாருங்கள். கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, முழங்கையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு நிமிர்த்தி இறுக்குங்கள். மேற்கையின் பின்புறம், வெளிப்பக்கமாக எழும்புவது வெளித் தலை. அக்குளுக்குக் கீழே, உடம்பை ஒட்டிய பின்பக்கத்தில் திரளுவது நீள் தலை. இரண்டுக்கும் நடுவில், முழங்கைக்கு மேலே, கொஞ்சம் அமுங்கித் தட்டையாக இருக்கிற இடம் தசைநாண். உடல் கட்டுகிறவர்கள் குதிரை லாட வடிவம் என்று பெருமையாகச் சொல்வது இந்த மூன்றும் சேர்ந்த தோற்றத்தைத்தான். லாடத்தின் இரண்டு கால்கள் தசை, நடுவில் உள்ள வெற்றிடம் தசைநாண். அந்த வெற்றிடத்தை எந்தப் பயிற்சியாலும் நிரப்ப முடியாது, அங்கே வளர்வதற்குத் தசை இல்லை. ஒருவருக்குத் தசைநாண் நீளமாகவும் இன்னொருவருக்குக் குட்டையாகவும் இருப்பது பிறவி அமைப்பு.

உள் தலையை எங்கே தேடுவது? இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். பெயரைப் பார்த்துவிட்டு, உடம்பை ஒட்டிய பக்கத்தில் புடைத்துத் தெரிவதை மீடியல் ஹெட் என்று காட்டுவார்கள். அது நீள் தலை. உண்மையான உள் தலை மற்ற இரண்டுக்கும் அடியில், எலும்பை ஒட்டிக் கிடக்கிறது. முழங்கைக்கு மேலே தசைநாணின் இரு ஓரங்களில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாததால் யாரும் மதிப்பதில்லை. ஆனால் அன்றாட உழைப்பாளி அதுதான்: லேசான சுமையில் முழங்கையை நிமிர்த்தும்போதெல்லாம் அது வேலையில் இருக்கும், சுமை ஏற ஏற மற்ற இரண்டும் பலமாகக் கைகொடுக்க வரும்.

இவர்களுக்கு ஒரு குட்டி உதவியாளும் உண்டு. முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டிலிருந்து முழங்கை முனையின் ஓரத்துக்கு, முக்கோணமாக ஒரு சிறிய தசை போகிறது, பெயர் அன்கோனியஸ். நிமிர்த்துவதில் அதன் பங்கு ரொம்பச் சின்னது. அதை விட்டுவிடலாம்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கையின் பருமனில் மூன்றில் இரண்டு பங்கு ட்ரைசெப்ஸ்தான்" என்று எல்லா ஜிம்மிலும் சொல்வார்கள். முன்பக்கத்தில் பைசெப்ஸ் மட்டுமே இருப்பதாக நினைத்துப் போட்ட கணக்கு மாதிரி இருக்கிறது அது. பைசெப்ஸுக்கு அடியில் பிராக்கியாலிஸ் என்று இன்னொரு தடித்த தசை படுத்திருக்கிறது, கையை மடக்குவதில் அதற்குப் பெரிய பங்கு. அதையும் சேர்த்தால் ட்ரைசெப்ஸின் பங்கு பாதிக்குச் சற்று மேலே என்ற அளவுக்கு வரும். அப்படியும் மேற்கையின் மிகப்பெரிய தசை அதுதான், கை பருமனாக வேண்டும் என்று முன்பக்கத்தையே மடக்கிக்கொண்டிருப்பது பாதி வேலையை விட்டுவிடுவது, அதில் மாற்றுக் கருத்தில்லை.

சரி, சுருக்கம்: மூன்று தலைகளில் இரண்டு மேற்கை எலும்பில் தொடங்குகின்றன, ஒன்று தோள்பட்டை எலும்பில். முடிவது மூன்றும் ஒரே இடத்தில். வெளியே தெரிவது வெளித் தலையும் நீள் தலையும், அடியில் இருப்பது உள் தலை.

நீள் தலை மட்டும் ஏன் தனி

வெளித் தலையும் உள் தலையும் முழங்கை மூட்டை மட்டும் தாண்டுகின்றன. தோளை நீங்கள் எப்படித் திருப்பினாலும் அவற்றுக்குக் கவலையில்லை. நீள் தலையோ தோள் மூட்டையும் தாண்டி வருகிறது, அதனால் அதற்கு இரண்டு வேலைகள். முழங்கையை நிமிர்த்துவது ஒன்று. மேற்கையைப் பின்னால் இழுப்பதிலும் உடம்போடு சேர்ப்பதிலும் உதவுவது இன்னொன்று.

இதிலிருந்து தானாக வருகிற விளைவு: தோளின் நிலையைப் பொறுத்து நீள் தலையின் நீளம் மாறும். கையைக் காதோரம் மேலே தூக்கி, முழங்கையை மடக்கி, உள்ளங்கையால் உங்கள் முதுகைத் தொடுங்கள். இப்போது நீள் தலை இரண்டு முனையிலும் இழுபட்டு, கிட்டத்தட்ட முழு நீளத்துக்கு நீண்டிருக்கிறது. மேற்கையின் பின்புறம் இழுக்கிற மாதிரி தெரிகிறதா, அதுதான். மாறாக, குனிந்து நின்று மேற்கையைப் பின்னால் வைத்து, முழங்கையை முழுக்க நிமிர்த்தினால், ஜிம்மில் கிக்-பேக் என்பார்களே, அதன் கடைசி நிலை, அங்கே நீள் தலை இரண்டு முனையிலும் சுருங்கிவிட்டது. ஏற்கெனவே முழுக்கச் சுருங்கிய தசையால் பலமாக இழுக்க முடியாது, இது எல்லாத் தசைக்கும் பொருந்தும்.

நீண்ட நிலையில் சுமை கொடுத்தால் நீள் தலை கூடுதலாக வளருமா? 2022-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று இதை நேராகவே பார்த்தது. ஒரே ஆளின் ஒரு கைக்குத் தலைக்கு மேலே கையைத் தூக்கி நிமிர்த்தும் பயிற்சி, மறு கைக்கு மேற்கையை உடம்போடு வைத்து நிமிர்த்தும் பயிற்சி, 12 வாரம். முடிவில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, தலைக்கு மேலே செய்த கையில் நீள் தலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம் வளர்ந்திருந்தது. இதுவரை எதிர்பார்த்ததுதான். சுவாரசியம் என்னவென்றால், தோளைத் தாண்டாத மற்ற இரண்டு தலைகளும்கூட அந்தக் கையில்தான் அதிகம் வளர்ந்திருந்தன, அதுவும் குறைந்த எடையைத் தூக்கியே. ஆகவே "இது லாங் ஹெட்டுக்கு மட்டும், இது லேட்டரலுக்கு மட்டும்" என்று சுவிட்ச் போடுகிற மாதிரிப் பிரித்துப் பேசுவதை நம்ப வேண்டாம். அழுத்தம் ஒரு தலைமேல் கொஞ்சம் கூடும் அல்லது குறையும். எதையும் முழுசாக அணைத்துவிட முடியாது, மூன்றும் ஒரே தசைநாணில்தானே கட்டியிருக்கின்றன.

நம் ஊர்ப் பழைய உடற்பயிற்சியில் கர்லாக்கட்டையைத் தலைக்குப் பின்னால் இறக்கிச் சுழற்றுவார்களே, அங்கே கை மேலே தூக்கி, முழங்கை மடங்கி இருக்கிறது, மேலே சொன்ன அதே நிலை. தண்டால் வேறு வகை. அதில் மேற்கை உடம்புக்கு முன்னால் இருக்கிறது, நெஞ்சுத் தசையும் முன்தோளும் பங்கு போட்டுக்கொள்கின்றன, ட்ரைசெப்ஸ் கடைசிவரை முழங்கையை நிமிர்த்துகிறது. கைகளை நெருக்கி ஊன்றினால் முழங்கைக்குப் பங்கு கூடும். இரண்டும் இருந்தால் நல்லது. கருவி எதுவும் வேண்டாம் என்பவருக்குத் தண்டால் ஒன்றே வெகுதூரம் கொண்டுபோகும் என்பது என் கட்சி.

கை நிமிர்ந்தாலே ட்ரைசெப்ஸ் வேலை செய்கிறதா?

இல்லை. இந்த விஷயத்தில் பயிற்சியாளர்களே தடுமாறிப் பார்த்திருக்கிறேன்.

டம்பெல்லை மடக்கித் தூக்கிவிட்டு, மெதுவாகக் கீழே இறக்குங்கள். முழங்கை நிமிர்கிறது, சரி. நிமிர்த்துவது யார்? புவியீர்ப்பு. டம்பெல் விழத்தான் பார்க்கிறது. அது பொத்தென்று விழாமல் பிடித்துப் பிடித்து விடுவது முன்பக்கத்து பைசெப்ஸ். மறுகையால் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், ட்ரைசெப்ஸ் தொளதொளவென்று இருக்கும். இப்போது மேசை விளிம்பை உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்துங்கள். முழங்கை ஒரு பாகைகூட நகரவில்லை, ஆனால் பின்பக்கம் கல் மாதிரி இறுகும்.

ஆக, மூட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்பது போதாது, எதை எதிர்த்து என்று கேட்க வேண்டும். தண்டாலில் கீழே இறங்கும்போது முழங்கை மடங்குகிறது, ஆனாலும் வேலை செய்வது ட்ரைசெப்ஸ்தான், நீண்டுகொண்டே உடம்பை மெதுவாக இறக்குகிறது. தூக்கும்போது மட்டும்தான் பயிற்சி, இறக்கும்போது ஓய்வு என்று நினைத்துத் தடாலென்று விழுகிறவர்கள் பாதிப் பலனைத் தரையில் விட்டுவிடுகிறார்கள்.

பந்தெறியும்போது இது இன்னும் வேடிக்கையாகிறது. எறியும் கையின் முழங்கை மின்னல் வேகத்தில் நிமிர்கிறது, எனவே எறிகிறவருக்கு ட்ரைசெப்ஸ்தான் உயிர் என்று தோன்றும். பல வருடங்களுக்கு முன் ஒரு பரிசோதனையில், எறிகிற ஒருவரின் ட்ரைசெப்ஸுக்குப் போகும் நரம்பை மருந்தால் மரத்துப்போகச் செய்துவிட்டு எறியச் சொன்னார்கள். வழக்கமான வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் எறிந்துவிட்டார். இடுப்பும் தோளும் சுழலும் வேகத்திலேயே முன்னங்கை வெளியே வீசப்பட்டுவிடுகிறது. ட்ரைசெப்ஸ் மீதிக்கு உதவுகிறது. கிரிக்கெட்டில் பந்துவீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்று விதி இருக்கிறது, முரளிதரனை வைத்து எழுந்த பெரிய சண்டைக்குப் பின் 2005-இல் நடைமுறைக்கு வந்த வரம்பு அது. அதற்கு முன்னால் நடந்த அளவீடுகளில், கை சுத்தம் என்று எல்லோரும் நம்பிய பந்துவீச்சாளர்களுக்கும் முழங்கை கொஞ்சம் நிமிரவே செய்தது தெரியவந்தது. வேண்டுமென்று நிமிர்த்தாமலே நிமிரும் மூட்டை வைத்துக்கொண்டு பூஜ்யம் பாகை என்று எப்படி விதி போடுவது?

தொங்குவது தசை அல்ல

இப்போது எல்லோரும் கேட்கக் காத்திருந்த கேள்வி. கையைத் தூக்கினால் கீழே தொங்கி ஆடுகிறதே, அது என்ன?

தசை இரண்டு முனையிலும் எலும்போடு கட்டப்பட்டிருக்கிறது. அது தொங்காது. தொங்குவது அதற்கு மேலே, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பும், வயதாக ஆகத் தளரும் தோலும். ஊட்டச்சத்து நிபுணர்கள் உடல் கொழுப்பை மதிப்பிட இடுக்கி மாதிரி ஒரு கருவியால் கிள்ளி அளப்பார்கள். தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில், கையின் பின்புறம், அவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் இடங்களில் ஒன்று. இன்சுலின் ஊசி போடும் இடங்களிலும் இது ஒன்று, இப்போது சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சின்ன வட்ட சென்சாரையும் இங்கேதான் ஒட்டுகிறார்கள். காரணம் அந்தக் கொழுப்புப் படலம்தான். இன்சுலினும் சென்சாரும் தசைக்குள் போகக் கூடாது.

ட்ரைசெப்ஸ் பயிற்சி செய்தால் அந்த இடத்துக் கொழுப்பு கரையுமா? தசை தன் பக்கத்தில் இருக்கிற கொழுப்பைப் பிய்த்துத் தின்பதில்லை. எரிபொருள் ரத்தத்தில் வருகிறது, ரத்தத்துக்கு அது உடம்பு முழுவதிலிருந்தும் வருகிறது. 1971-இல் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். ஒரு கை வருடக்கணக்காக மட்டை வீசிய கை, மற்றது பெரும்பாலும் சும்மா இருந்த கை. வீசிய கை பெரிதாக இருந்தது, தசை வளர்ந்திருந்தது. ஆனால் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பின் தடிமன் இரண்டு கையிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு கையை மட்டும் அவ்வளவு ஓட ஓட வேலை வாங்கியும் அந்தக் கைக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை.

அதற்காகப் பயிற்சி வீண் என்று அர்த்தமில்லை. உள்ளே தசை திரண்டால் தோலுக்குக் கொஞ்சம் திடமான தாங்கல் கிடைக்கும், பார்வைக்கு மாற்றம் தெரியும். கொழுப்பு குறைவது மட்டும் சாப்பாட்டையும் மொத்த உழைப்பையும் பொறுத்தது. யாருக்கு எங்கே முதலில் குறையும் என்பது பிறவியும் ஹார்மோனும் தீர்மானிப்பது. "7 நாளில் கைச்சதை மாயம்" என்று விற்கிறவர்களிடம் டென்னிஸ் கதையைச் சொல்லுங்கள்.

பள்ளத்தில் ஓடும் நரம்பு

மேற்கை எலும்பின் பின்னால் சாய்வாக ஒரு பள்ளம் என்றேனே, அதில் ஓடுவது ரேடியல் நரம்பு. ட்ரைசெப்ஸின் மூன்று தலைகளுக்கும் உத்தரவு கொண்டுவருவதும் இதுதான், பிறகு கீழே போய் மணிக்கட்டையும் விரல்களையும் மேலே நிமிர்த்தும் தசைகளுக்கு உத்தரவு கொடுப்பதும் இதுதான். (முழங்கையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கிறதே, அது வேறு நரம்பு, அல்னார். முழங்கையின் உட்புற மேட்டுக்குப் பின்னால் தோலடியில் போகிறது.)

பள்ளத்தில் எலும்போடு எலும்பாகக் கிடப்பதால் ரேடியல் நரம்பு எளிதில் நசுங்கும். குடித்துவிட்டு, அல்லது அசந்துபோய், நாற்காலி முதுகின் மேல் கையைத் தொங்கப்போட்டுத் தூங்கியவர் காலையில் எழுந்தால் மணிக்கட்டு தொங்கிக் கிடக்கும், நிமிர்த்த முடியாது. பக்கவாதம் என்று வீடே பதறும். பக்கவாதமா இல்லையா என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், உடனே போக வேண்டும். அவர் பார்க்கிற விஷயங்களில் ஒன்று, முழங்கையை நிமிர்த்த முடிகிறதா என்பது. ட்ரைசெப்ஸுக்கான கிளைகள் பெரும்பாலும் பள்ளத்துக்கு முன்னாலேயே பிரிந்துவிடுகின்றன, அதனால் பள்ளத்தில் நசுங்கியவருக்கு மணிக்கட்டு விழும், ஆனால் முழங்கை நிமிரும். ஊன்றுகோலை அக்குளில் தப்பாக அழுத்திப் பிடித்து, இன்னும் மேலே நரம்பு நசுங்கியவருக்கு முழங்கை நிமிர்வதும் பலவீனமாகலாம். இரண்டையும் ஒப்பிட்டால் நசுங்கிய இடம் எது என்று தெரிந்துவிடும்.

இந்த நரம்பின் வேர்கள் கழுத்துத் தண்டுவடத்தில் இருக்கின்றன. ட்ரைசெப்ஸுக்கு முக்கியமானது கழுத்தின் ஏழாவது வேர். முழங்கையை மடக்கித் தொங்கவிட்டு, முழங்கை முனைக்குச் சற்று மேலே மருத்துவர் சின்னச் சுத்தியால் தட்டினால் முன்னங்கை தானாக ஒரு உதறு உதறும். தட்டும் இடம் தசைநாண், சோதிப்பது முக்கியமாக அந்த ஏழாவது வேரை.

கழுத்து அடிபட்டுத் தண்டுவடம் சேதமானவர்கள் வாழ்க்கையில் ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் உள்ள அந்த ஒரு படி வித்தியாசம் மிகப் பெரியது. ஏழாவது வேர் வரை தப்பியவர் ட்ரைசெப்ஸை இறுக்கி, கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாற முடியும். ஆறாவதோடு நின்றுவிட்டால் கையை மடக்கலாம், நிமிர்த்த ஆளில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு கையை மேலே தூக்கினால் முன்னங்கை மடங்கி முகத்தில் விழும். இப்படிப்பட்டவர்களுக்கு ஓர் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் பின்தோள் தசையின் கீழ்முனையைக் கழற்றி, இடையில் ஒரு தசைநாண் துண்டை வைத்து, முழங்கை முனைக்கு மேலே ட்ரைசெப்ஸின் தசைநாணோடு இணைத்துவிடுவார்கள். அந்த முனையை இழுக்க ஏதோ ஒரு தசை வேண்டும், அது தோளிலிருந்து வந்தால் என்ன. சில மாதங்கள் கட்டும் பயிற்சியுமாகப் பழகிய பிறகு, பழைய ட்ரைசெப்ஸின் பலம் வருவதில்லைதான், ஆனால் படுத்தபடியே தலைக்கு மேலே இருக்கும் விளக்கு சுவிட்சை எட்டிப் போடுகிற அளவுக்குக் கை நிமிர்கிறது.